அந்தப் பத்து வோல்ட்

பயிற்சிக்கு வந்த தம்பி எல்டிஸ்பைஸ் என்ற சர்க்கிட் சிமுலேஷன் மென்பொருளில் வரைந்திருந்த படத்தில் குறை சொல்ல அதிகம் இருக்கவில்லை. ஒரு பல்ஸ் சோர்ஸ், −2 இலிருந்து +2 வோல்ட் வரை. அதன் வோல்டைப் பெருக்கித் தரும் இரண்டு ஈ சோர்ஸ், கெயின் (பெருக்கும் எண்) 0.5, −0.5. இரண்டின் அடிக்காலும் 2.5 வோல்ட் நோட்டில், அதாவது இணைப்புப் புள்ளியில். ஏ வயர் 3.5 இல் நிற்கும்போது பி 1.5 இல். ஒன்று ஏற மற்றது இறங்கும் இந்த இரண்டு வயர், டிஃபரென்ஷியல் சோடியை, இப்படித்தான் தொடங்கவேண்டும். இரண்டு பல்ஸ் சோர்ஸ் வைத்து ஒன்றைத் தலைகீழாக எழுதுகிறவர்கள், ஒன்றின் ரைஸ் டைமை மாற்றிவிட்டு மற்றதை மறப்பார்கள். பிறகு இல்லாத நொய்ஸைத் தேடி அரைநாள் போகும்.

வேலை சம்மாந்துறைப் பக்கத்து நெல்லு மில் ஒன்றுக்கு. ட்ரையர் சென்சர்களிலிருந்து பனல் வரை 80 மீட்டர்; இப்படியான வயர் சோடியில் தகவல் அனுப்பும் ஆர்எஸ்-485 முறை, செக்கனுக்கு 9600 பிட் வேகம்.

கேபிளுக்கு அவர் நீள வயரைக் குறிக்கும் டி எலிமெண்ட் ஒன்றை மட்டும் போட்டு, மேல்காலில் ஏ, கீழ்க்காலில் பி என்று கட்டியிருந்தார். பலரும் செய்வது. அந்த எலிமெண்ட் இரண்டு காலுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே மறுமுனைக்குக் கடத்தும். சோடி முழுவதும் சேர்ந்து மேலே போனதா கீழே போனதா என்பது அதற்குத் தெரியாது. வயருக்கு ஒன்றாக இரண்டு டி வைத்தாலும், ஒவ்வொரு முனையையும் அந்தந்தப் பக்கத்துக் கிரவுண்டில் (அந்தப் பக்கம் பூச்சிய வோல்டாக எடுக்கும் புள்ளியில்) கட்டினால் கிரவுண்ட் வித்தியாசம் மறுபடி மறைந்துவிடும். இந்த வேகத்துக்கு டி எலிமெண்டே வேண்டாம். மீட்டருக்கு ஏறத்தாழ 5 நானோசெக்கன் என்றால் 80 மீட்டருக்கு 400. ஒரு பிட்டோ 104 மைக்ரோசெக்கன். எதிரொலிப்பு பிட்டின் நடுவுக்கு வருமுன்னே அடங்கிவிடும். 24 கேஜ் வயருக்கு ஆளுக்கு 6.7 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் போதும். எதிரொலிப்பை அடக்கக் கேபிள் முனையில் வைக்கும் 120 ஓம் டெர்மினேஷனைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் கிரவுண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

ரிசீவர் பக்கம், சமன்பாடு எழுதி ஓட்டும் ஒரு பி சோர்ஸ் (பி வயர் அல்ல): வித்தியாசம் 0.2 வோல்டைத் தாண்டினால் 5, இல்லாவிட்டால் 0. இது கிரவுண்டுகளுக்கிடையில் 100 வோல்ட் வைத்தாலும் சுத்தமாக வாசிக்கும். உண்மையான சிப்புக்கு ஒவ்வொரு காலும் தன் கிரவுண்டிலிருந்து −7 முதல் +12 வரைக்குள் நிற்கவேண்டும். ஆகவே ரிசீவரின் கிரவுண்டைத் தனி நோட்டாக்கி, இரண்டு காலிலிருந்தும் 12 கிலோஓம் அந்த நோட்டுக்குக் கொடுத்து, இரண்டு கிரவுண்டுக்கும் நடுவில் 50 ஹெர்ட்ஸ் சைன் சோர்ஸ் ஒன்று வைக்கச் சொன்னேன்.

"எத்தின வோல்ட் சேர்?"

"பத்துப் போடும்."

பி வயர் −8.5க்கு இறங்கியது. எல்லைக்கு வெளியே. ஆக, இரண்டு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரிக்கும் ஐசொலேஷன் வேண்டும். நான் எழும்பப் பார்த்தேன். அவர் அந்த எண்ணை 7 ஆக்கி ஓடவிட்டார். −5.5, 10.5. எல்லாம் எல்லைக்குள்.

"பத்துப் போட்டா உடையுது, ஏழு போட்டா நிக்குது. அந்தப் பத்து எங்க இருந்து வந்த சேர்?"

அனுபவம் என்றேன். பொய்யில்லை. ட்ரையர் பக்கத்துக்குத் தனி எர்த் கம்பி; எலிவேட்டர் மோட்டர் எடுக்கிற நேரம் இரண்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஆனால் அது காரணம்தான், எண் அல்ல. அளந்து சொல்லியிருக்கலாமே என்றால், மல்டிமீட்டர் ஆர்எம்எஸ், அதாவது ஒருவகைச் சராசரி, காட்டும்; உச்சத்தை அல்ல. 10 வோல்ட் உச்சம் அதில் 7 என்றுதான் தெரியும், மோட்டர் எடுக்கும் அந்த ஒரு துடிப்பு தெரியவே தெரியாது. எர்த் ஆன ஸ்கோப்பின் (அலையைத் திரையில் காட்டும் கருவியின்) கிரவுண்ட் கிளிப்பைத் தூரத்துக் கிரவுண்டில் மாட்டினால், அளக்கவேண்டிய இரண்டையும் அந்தக் கிளிப்பே சேர்த்துக் கட்டிவிடும். இரண்டு புரோபால் கழித்துப் பார்க்கலாம், வெள்ளாமை வெட்டு நேரத்தில் மில்லை நிறுத்தி நிறுத்தி எடுக்கவிட்டால்.

மூன்றாவது வயர் போதாதா என்றும் அவர் கேட்டார். 100 ஓம் தொடரில் வைத்துக் கிரவுண்டுகளை இணைத்துப் பார்த்தோம். ஒரு மில்லிவோல்ட்கூட மாறவில்லை. மாறாதுதான். நாங்கள் வைத்த சைன் சோர்ஸுக்கு உள் எதிர்ப்பே இல்லை. அதற்கு ஒரு ரெசிஸ்டர் கொடுத்தால் மூன்றாவது வயர் வேலைசெய்யும். எத்தனை ஓம் என்பது இன்னொரு பத்து வோல்ட்.

ஐசொலேட்டட் மொடியூல்தான் போட்டோம். அதன் இரண்டு பக்கத்துக்கும் ஒரே 5 வோல்டைக் கொடுத்துவிட்டு ஐசொலேஷன் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. பஸ் பக்கத்துக்கு, அதாவது கேபிள் பக்கத்துக்கு, தனிச் சப்ளை தரும் டிசி-டிசி கன்வேர்ட்டர் வேண்டும். முதலாளி கூடுதல் காசைப் பேசாமல் கொடுத்தார். பனல் வேலைசெய்கிறது. சாதா மொடியூல் என்றாலும் வேலைசெய்திருக்குமோ என்பதற்கு அது பதில் இல்லை. எரிந்துபோன சிப்புகளைப் பார்த்தவன் எண்ணைக் கூட்டித்தான் போடுவான், அதில் வெட்கப்பட எதுவுமில்லை என்று சில நாள் தோன்றும். முடிவை முதலே எடுத்துவிட்டு, அதற்குப் படம் வரையத்தான் சிமுலேஷனைப் பிடித்தேனோ என்று வேறு நாள்.

இப்போது யாருக்கும் ஒற்றை எண் சொல்வதில்லை. அந்த வோல்டைப் பரமீட்டராக்கி, ஸ்டெப் கட்டளையில் 0 முதல் 15 வரை அரை அரையாக ஏற்றச் சொல்கிறேன். 8.5ஐத் தாண்டினால் உடைகிறது என்பது மட்டும் அதில் சந்தேகமில்லாத எண். 15இல் ஏன் நிறுத்துகிறோம் என்று இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.