ஊதாக் கோடு

அம்மாவின் கழுத்தில் போட்டிருந்த ஊதா மைக்கோடு வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. கதிர்சிகிச்சை அறையில் மார்க்கர் எடுத்து மறுபடி வரைந்தார்கள்.

"மொத்தத்தையும் ஒரே நாள்ல குடுத்துட்டா என்னடா?" வெளியே வந்ததும் கேட்டார்.

தினம் 2 கிரே (கதிரை அளக்கும் அலகு), வாரத்தில் 5 நாள். கதிர் டிஎன்ஏ இழைகளை அறுக்கிறது. இரண்டு இழைகளில் ஒன்று அறுந்தால் எதிரிழையைப் பார்த்து செல் அதை ஒட்டிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் சிக்கல். கிடைக்கிற இடைவெளியில் நல்ல செல் பெரும்பாலும் தேறிவிடும். புற்றுச் செல்லுக்கு அந்தக் கைவேலை அவ்வளவாக வராது.

அடிபட்ட செல் பெரும்பாலும் உடனே சாவதும் இல்லை. (எனக்கே இது ஆச்சரியம்தான்.) சும்மா இருக்கும். இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் உடையும்.

"அப்போ சனி ஞாயிறு நல்ல செல்லுக்கு லீவா?"

"லீவு இல்லம்மா, ஓவர்டைம்."