ஏதாச்சும் இருந்தா சொல்லிருவீங்கல்ல?

"தம்பி, தலையில ஏதாச்சும் இருந்தா சொல்லிருவீங்கல்ல?"

ஆராய்ச்சிக்காக எம்ஆர்ஐ எடுக்க வந்த பெரியவர், ஒப்புதல் படிவத்துல கையெழுத்து போட பேனாவ எடுத்துட்டு, போடாம என் முகத்தையே பாத்துட்டு இருந்தாரு.

இது நோய் கண்டுபிடிக்க எடுக்குற ஸ்கேன் இல்லங்கய்யா, நாங்க ஒண்ணும் சொல்லலைன்னா உங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் கிடையாதுன்னு முதல்ல அதத்தான் சொன்னேன்.

எல்லா படத்தையும் ரேடியாலஜிஸ்டே (ஸ்கேன் படத்த பாத்து நோய் சொல்ற டாக்டர்) பாத்து எல்லாத்தையும் சொல்லிட்டா என்னன்னு தோணும். பிரிட்டன்ல நடக்குற பெரிய உடல்நல ஆராய்ச்சியான யுகே பயோபேங்க்ல 1000 பேர் ஸ்கேன வச்சு பாத்தாங்க. படம் எடுக்குறவங்க கண்ணுல பட்டத மட்டும் டாக்டர் பாத்தப்போ சந்தேகம்னு எடுத்தது 18 பேர், எல்லாத்தையும் டாக்டரே பாத்தப்போ 179 பேர், அதுல பெரும்பாலானவங்களுக்கு கடைசியில பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா அது தெரியுற வரைக்கும் அந்த வீட்ல யாராச்சும் தூங்கிருப்பாங்களா?

அதுக்காக மறைக்கவும் கூடாது. எத சொல்லுவோம், யாரு சொல்லுவாங்கன்னு ஸ்கேனுக்கு முன்னாடியே பேசிடணும். சொல்றப்போ வெறும் லெட்டர் போதாது, ஒரு டாக்டர் உக்காந்து பேசணும், அடுத்து எங்க போகணும்னு வழியும் காட்டணும். கையில காசு இல்லாதவர்கிட்ட "கட்டி மாதிரி தெரியுது"ன்னு மட்டும் சொல்லி அனுப்புறது கொடுமைங்க.