மறுபடியும் எல்லைப் பேச்சு

சட்டவிரோதக் குடியேற்றத்தை ஒழிப்போம், எல்லையை இறுக்குவோம் என்று இங்கே தென்னாப்பிரிக்காவில் அரசியல்வாதிகள் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பலரும் தலையாட்டுகிறார்கள். எனக்கு பெய்ட்பிரிட்ஜ் வேலிதான் ஞாபகம் வருகிறது.

2020 மார்ச்சில் கொரோனாவைச் சொல்லி, ஜிம்பாப்வே எல்லையில் 40 கிலோமீட்டருக்கு அவசர அவசரமாகப் போட்ட வேலி. சுமார் 3.7 கோடி ராண்ட் செலவு. கொஞ்ச நாளிலேயே அங்கங்கே வெட்டி, ஓட்டை போட்டு, ஆட்கள் புகுந்து போனார்கள். அப்புறம் ஒப்பந்தத்திலேயே முறைகேடு என்று விசாரணை. வேலியே பயிரை மேய்ந்த கதை!

2023 ஏப்ரலில், எல்லைச் சாவடிகளைக் கவனிக்கும் எல்லை மேலாண்மை ஆணையத்தைத் தனி அமைப்பாக்கினார்கள். சரி, நல்லதுதான். ஆனால் நம் தரை எல்லை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர். சாவடிகளுக்கு இடையே ரோந்து போவது ராணுவம். அதற்கு 22 கம்பெனி (படைப்பிரிவு) வேண்டும், இருப்பது 15 என்று வருஷக்கணக்காக ராணுவத்தினரே சொல்கிறார்கள். மீதி 7 கம்பெனிக்குப் பணம் எங்கே என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும்.

(1913 குடியேற்றச் சட்டத்தில் இந்தியர்களான நம் ஆட்களையே தடுத்த நாடு இது. ஜிம்பாப்வேக்காரரைத் திட்டுமுன் அதையும் நினைக்கலாம்.)

புது வாக்குறுதி இருக்கட்டும். வேலிக்குப் போன பணத்தில் எவ்வளவு திரும்பி வந்தது? முதலில் அதைச் சொல்லுங்கள்.