கிளட்ச் ஆயில் போன வழி: நாலு ஞாயிறும் ஒரு சிரட்டையும்

கிளட்ச் ஆயில் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். பெடலை மிதித்தால் ஆயிலைக் குழாயில் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க ரப்பர் சீல். அதற்கு நாலு ஞாயிற்றுக்கிழமையும், தேவையே இல்லாமல் மாற்றிய ஒரு ஸ்லேவ் கிட்டும் (மறுமுனையில் அந்த ஆயிலை வாங்கிக் கிளட்சை விடுவிக்கும் சிலிண்டரின் ரப்பர் செட்) காவு போயிற்று.

வண்டி 2003 மாடல் குவாலிஸ். அதைக் குறை சொல்வதற்கில்லை, இருபது வருஷத்துக்கு மேல் ஒரு ரப்பர் உழைத்ததே பெரிய விஷயம். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில்தான் முதலில் மானத்தை வாங்கியது. கேட்டைத் திறந்துவிட்டார்கள், பின்னால் அத்தனை பேரும் ஆரன் அடிக்கிறார்கள், எனக்கு ஃபர்ஸ்ட் கியர் விழவில்லை. ரெண்டு மூன்று தடவை பம்ப் பண்ணி மிதித்தபிறகு விழுந்தது. வீட்டுக்கு வந்து கிளட்ச் ஆயில் டப்பாவைத் திறந்தால் மினிமம் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. ஊற்றி வைத்தேன், அடுத்த வாரமே ஒரு விரல்கடை இறங்கிவிட்டது. ஆனால் வண்டி நின்ற இடத்தில் ஒரு சொட்டு கிடையாது.

கீழே படுத்துப் பார்த்தேன். ஸ்லேவ் சிலிண்டரும் பெல் ஹவுசிங்கும் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) ஈரத்தில் பளபளத்தன. அவ்வளவுதான், ஸ்லேவ் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். கிட் வாங்கி, கழற்றி, மாட்டி, குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி (அதாவது ஏர் எடுத்து) ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. கழற்றும்போதே யோசித்திருக்க வேண்டும்: ஸ்லேவின் ரப்பர் உறையை, அதாவது பூட்டை (boot), இழுத்துப் பார்த்தால் உள்ளே காய்ந்து கிடந்தது. ஸ்லேவ் ஒழுகினால் அந்தப் பூட்டுக்குள்ளேதான் முதலில் தேங்கும். தெரிந்த விஷயம்தான், ஆனால் கையில் ஸ்பேனர் வந்துவிட்டால் மூளை வேலை செய்வதில்லை.

கிட் மாற்றியும் மட்டம் இறங்கியது. அப்புறம்தான் ஒரு சிரட்டையில் தண்ணீர் எடுத்து, பெல் ஹவுசிங் ஈரத்தைப் பஞ்சில் ஒற்றி அதில் பிழிந்தேன். மேலே வானவில் மாதிரி மிதந்தது. இன்ஜின் ஆயில்! இன்ஜின் மேல்மூடிக்கு அடியிலுள்ள வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து வழிந்து இறங்கிய ஆயிலைத்தான் நான் கிளட்ச் ஆயில் என்று கும்பிட்டிருக்கிறேன். நாம் ஆயில் ஆயில் என்று சொன்னாலும் கிளட்சுக்கு ஊற்றும் டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைகால் (glycol) சமாச்சாரம், தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். இன்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் மிதக்கும். கியர் ஆயிலுக்கு அந்தக் கந்தக நாற்றம் வேறு உண்டு. காசில்லாத சோதனை, இதை முதல் நாளே செய்யாமல் நானூற்றிச் சொச்சம் ரூபாய்க்குக் கிட் வாங்கினேன்.

சரி, அப்போ போவது எங்கே? ஒரு மாசமாகக் கிளட்ச் மிதிக்கும்போது செருப்பு வழுக்கிக்கொண்டிருந்தது. செருப்புத் தேய்ந்துவிட்டது என்று புதுசே வாங்கிவிட்டேன். அதுவும் வழுக்கியது. போன ஞாயிறு கால் வைக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கினால் கார்பெட் நசநசவென்று இருக்கிறது, பெடலுக்கு மேலே ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் தகடு) பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரிந்து நிற்கிறது. பெயிண்டைத் தின்ன ஒரு ஆள்தான் உண்டு, கிளட்ச் ஆயில். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு டேஷ் போர்டுக்கு அடியில் தலைகீழாகப் போய், பெடலிலிருந்து மாஸ்டருக்குள் போகும் புஷ் ராடைச் சுற்றி டிஷ்யூ பேப்பரைக் கட்டிவிட்டு வந்தேன். காலையில் பேப்பர் ஊறி, ராடோடு ஒட்டிக் கிடந்தது. சிரட்டையில் போட்டேன். மிதக்கவில்லை, கரைந்தது.

மாஸ்டருக்குள்ளே ரெண்டு கப் (ரப்பர் சீல்) இருக்கிறது. முன் கப் அழுத்தம் கொடுப்பது. அது தேய்ந்தால் ஆயில் வெளியே போகாது, பெடல் மட்டும் பைய அமுங்கிக்கொண்டே போகும். பின் கப், ஆயில் கேபினுக்குள் வராமல் தடுப்பது. என் கேஸில் ரெண்டாவது ஆள். கழற்றி சிலிண்டர் துளைக்குள் (bore) நகத்தை விட்டுப் பார்த்தேன், ரெண்டு இடத்தில் தட்டியது. தண்ணீர் இழுத்த ஆயில் அரித்த குழி. அதில் புதுக் கப் போட்டாலும் ஆறு மாசம்தான், அதனால் முழு செட்டாகவே வாங்கிவிட்டேன்.

கடைக்கு பழைய பாகத்தையே கொண்டு போங்கள். அளவு அதன் உடம்பிலேயே இருக்கும், என்னுடையதில் 5/8 இன்ச். முதலில் போன கடையில் பாதி காலியான டின்னிலிருந்து ஆயில் ஊற்றித் தரப் பார்த்தார்கள், அதுவும் தண்ணீர் இழுத்திருக்கும், வேண்டாம் என்று வந்துவிட்டேன். அடுத்த கடையில் அண்ணாச்சி மாஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வே, கிட்டு கேட்டு வராம முழுசாக் கேட்டீரே, அதுவரைக்கும் பொழச்சீரு" என்றார். ஸ்லேவ் கிட் கதையை அவரிடம் சொல்லவில்லை.

மாஸ்டரைக் கழற்றும்போது படுத்தியது அதன் ஆயில் பைப் நட். 10 ஸ்பேனர் போட்டால் மூலை மழுங்குகிறது, ரிங் ஸ்பேனர் பைப்பைத் தாண்டி நுழையாது. பைப் நுழைய வாய் விட்ட ஃபிளேர் நட் ஸ்பேனர் கேட்ட கடையில் எல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைசியில் மேலப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் பழைய ரிங் ஸ்பேனரில் பைப் நுழையும் அளவுக்கு வாய் வெட்டி வாங்கினேன். ஒரே திருப்பில் 'டக்'கென்று விட்டது பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு தடவை கழற்றலாம் போலிருந்தது. இதே மாதிரி 12-க்கும் ஒன்று வெட்டி வைக்கப் போகிறேன்.

புது மாஸ்டரை வெளியிலேயே ஆயில் நிரப்பி ஏர் எடுத்துவிட்டு மாட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டேன். மச்சினன் பெடலில், நான் கீழே ஸ்லேவில் ஏர் திறந்துவிடும் நிப்பிளில்.

"அத்தான், அமுக்கிட்டேன்."

"விடாத... ம், இப்போ விடு."

நாற்பது தடவைக்கு மேல் செய்தோம். குழாயில் குமிழி நின்றுவிட்டது, பெடல் பாதிதான் நிற்கிறது. மேலே எங்கேயோ ஏர் மாட்டியிருக்கிறது. நாளைக்கு 100 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஸ்லேவ் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளிப் பார்க்கணும். டப்பாவிலிருந்து முதலில் பாதியை உறிஞ்சி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் பொங்கி வழிந்து மிச்சப் பெயிண்டும் போகும்.

வீட்டில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு எப்போது போகிறோம் என்று கேட்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே அந்த ஏற்றத்தில் பாதிப் பெடலை வைத்துக்கொண்டு நான் வண்டியை எடுக்க மாட்டேன். அதற்குள் வால்வ் கவர் கேஸ்கெட்டையும் மாற்றிவிடலாமா என்று ஒரு யோசனை. மச்சினன் இப்போது போனை எடுப்பதில்லை.