ரேடியோ மாட்யூலுக்கு 3.3 வோல்ட்

ஜூன் 4

ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் என்ஆர்எஃப்24எல்01+ என்ற வயர்லெஸ் ரேடியோ மாட்யூலை மாட்டியாயிற்று. இதன் சப்ளை 1.9 முதல் 3.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 5 வோல்ட் பின்னில் செருகினால் சிப் போய்விடும். சிக்னல் பின்கள் மட்டும் 5 வோல்ட்டைத் தாங்கும், அதனால் எஸ்பிஐ வயர்களை (போர்டும் மாட்யூலும் டேட்டா பரிமாறும் இணைப்பு) நேராகவே கொடுத்தேன். போர்டின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து 50 மில்லிஆம்பியர் வரை எடுக்கலாம். மாட்யூல் முழு பவரில் அனுப்பும்போது இழுப்பது 11.3, வரும் சிக்னலைக் கேட்கும்போது 13.5. ஆம், கேட்பதற்குத்தான் செலவு கூட.

ஜூன் 5

கணக்குப்படி தாராளமாகப் போதும். ஆனால் ரேடியோவில் அனுப்பும் டேட்டா பாக்கெட் பாதி வருகிறது, பாதி வரவில்லை. மாட்யூலை விரலால் தொட்டால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடுகிறது. மல்டிமீட்டர் 3.3-ல் அசையாமல் நிற்கிறது. அதை நம்பிப் பயனில்லை, அது காட்டுவது சராசரி. ஸ்டாண்ட்பையில் 26 மைக்ரோஆம்பியரில் இருக்கும் சிப், 130 மைக்ரோசெகண்டில் ரேடியோவை எழுப்பி, பல நூறு மடங்கு கரண்ட் கேட்கிறது. நீளமான ஜம்பர் வயர் வழியாக அது உடனே வந்து சேராது. அந்தக் கணத்தில் வோல்டேஜ் சரிகிறது.

ஜூன் 6

அந்தத் திடீர் கரண்டைப் பக்கத்திலேயே சேமித்து வைத்துக் கொடுக்க, 10 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரை மாட்யூலின் விசிசி (சப்ளை), கிரவுண்ட் கால்களிலேயே சால்டர் வைத்தேன், கூடவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று. (எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் கிரவுண்டுக்கு.) பாக்கெட் விடாமல் வருகிறது! இதே கெப்பாசிட்டரை பிரெட்போர்டின் மறுகோடியில் செருகியபோது பெரிய மாற்றம் தெரியவில்லை. எத்தனை மைக்ரோஃபாரட் என்பதைவிட எவ்வளவு பக்கத்தில் என்பதே முக்கியம்.

ஜூன் 9

தூரம் போதாததால் ஆன்டெனா வைத்த, பிஏ எல்என்ஏ (அனுப்பும், பெறும் சிக்னல்களைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்கள்) உள்ள மாட்யூல். அனுப்பும்போது சுமார் 115 மில்லிஆம்பியர் இழுக்கும், இங்கே 3.3 பின்னை மறந்துவிட வேண்டியதுதான், கெப்பாசிட்டர் வைத்தும் காப்பாற்ற முடியாது. 5 வோல்ட் பின்னிலிருந்து, அதை 3.3 ஆகக் குறைத்து நிலையாகத் தரும் ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தேன். 1.7 வோல்ட் குறைகிறது, வெப்பமாகப் போவது 0.2 வாட்தான், கை வைத்தால் லேசான சூடு. ஆனால் போர்டுக்கு 9 வோல்ட் அடாப்டர் கொடுத்தால், இதற்காக மட்டும் போர்டின் சொந்த ரெகுலேட்டர் இன்னொரு 0.46 வாட்டைச் சுமக்கும். சப்ளை தனியாக இருந்தாலும் கிரவுண்ட் பொதுவாக இருக்க வேண்டும்.

மேசைமேல் சோதிக்கும்வரை பவரை மினிமம் லெவலிலேயே வைத்திருக்கிறேன்.

ஜூன் 11

அடுத்தது பேட்டரி. மாட்யூல் பவர்டவுனில் (தூக்க நிலையில்) 900 நானோஆம்பியர்தான் எடுக்கும், அருமையான சிப். ஆனால் ஏஎம்எஸ்1117 சும்மா இருக்கவே 5 மில்லிஆம்பியர் தின்கிறது, ரேடியோ தூங்கி என்ன பயன்? அதற்கு மேல் உள்ளே வரும் வோல்டேஜுக்கும் வெளியே தருவதற்கும் ஒரு வோல்ட்டுக்குக் கூடுதலான இடைவெளியும் கேட்கும், ஒற்றை லித்தியம் செல்லோடு ஒத்துவராது. எம்சிபி1700 என்ற ரெகுலேட்டர் தனக்கென எடுப்பது 1.6 மைக்ரோஆம்பியர், 250 மில்லிஆம்பியர் வரை தரும். ஊனோவையும் விட்டுவிட்டு, அதன் மூளையான ஏடிமெகா328 சிப்போடு மட்டும் எம்சிபி1700-ஐ வைத்து வயரிங் தொடங்குகிறேன்.