மாம்பலம் ஏரியோரம்: மாடல் வேலை, நான்காவது மாதம்

ரயில் மாடலில் நட்டிருந்த மின்கம்பங்கள் ஆறையும் பிடுங்கிவிட்டேன். பித்தளைக் கம்பியை வளைத்து, ஈயம் பற்றவைத்து, சாம்பல் பெயின்ட் அடித்து மூன்று வாரம் செய்தவை.

மாம்பலம் கிராமமாக இருந்தபோது ரயில் எப்படிப் போயிருக்கும் என்று 1:87 அளவில் செய்து பார்ப்பதுதான் திட்டம். பலகை 1.2 மீட்டர், நிஜத்தில் ஏறக்குறைய 104 மீட்டர் தூரம். நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி கிழக்கே, அதன் மேற்கே தண்டவாளம்.

பக்கத்து வீட்டு மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, ஏரியும் இருக்கு, கரன்ட் கம்பியும் இருக்கு. ரெண்டும் எப்படிச் சேரும்?"

சேராது. தி.நகரை உருவாக்க ஏரியைத் தூர்க்கத் தொடங்கியது 1923-ல். பீச் – தாம்பரம் மீட்டர் கேஜில் (இரண்டு தண்டவாளக் கம்பிகளுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி) மின்ரயில் ஓடியது 1931-ல். இரண்டு வருஷமும் எனக்குத் தெரியும், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஏரியா, மின்ரயிலா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். ஏரிதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று இன்றும் பெயர்ப்பலகை நிற்கிறது. அங்கே நின்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெரியாது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் அந்த ஏரி இருந்த நிலத்தில்தான். அந்தத் தண்ணீரை இந்தப் பலகையிலாவது பார்க்க வேண்டும் எனக்கு. ஆக, காலம் 1920, நீராவி எஞ்சின். மின்கம்பம் இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளித் தந்திக் கம்பங்கள் வரும்.

தண்டவாளம் நன்றாக வந்திருக்கிறது. கடையில் சுலபமாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. ரெடிமேட் டிராக்கைப் போட்டால் நிஜத்தில் 1.43 மீட்டர் அகலம் ஆகிவிடும். மீட்டர் கேஜுக்குக் கணக்குப்படி 11.5, நான் 12 வைத்தேன், அந்த அளவில் சக்கரங்கள் கிடைக்கின்றன. கம்பிகளுக்கு அடியில் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டை நிஜத்தில் 1.8 மீட்டர் நீளம், மாடலில் 21 மி.மீ. தீக்குச்சியின் தடிமன் அதற்கு ஏறக்குறையச் சரியாகப் பொருந்தியது! மருந்தை வெட்டி எறிந்து, நீர்த்த கறுப்பு மையில் ஊறவைத்து, ஒவ்வொன்றாக ஒட்டினேன். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி மாறாமல் இருக்கப் பித்தளைத் துண்டை 12 மி.மீ.க்கு அராவி வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் ஒட்டிய முதல் ஒரு சாண் நீளத்தில் பெட்டி தடம் புரண்டது; பிரித்து மறுபடி ஒட்டினேன்.

இப்போது ஏரி. நீலம் அடிக்கவில்லை. நம் ஏரித் தண்ணீர் கலங்கல் பச்சை, கரையோரம் செம்மண் நிறம். அடியில் அந்த வண்ணம் காய்ந்த பிறகு கண்ணாடிபோல் இறுகும் எபாக்சி ரெசினை 3 மி.மீ. மட்டும் ஊற்றினேன். மொத்தமாக ஊற்றினால் சூடேறிக் குமிழி கட்டும். மழை ஈரத்தில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடுகிறது என்பதால் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துச் செய்தேன்.

நேற்று ராத்திரி தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. மாமா கரையை இன்னும் உயர்த்தச் சொல்கிறார். இரண்டாவது அடுக்குக்கு முன்னால் அதை முடிக்க வேண்டும்.