மேட்டில் கொதித்த குட்டிக் கார்

மலேசியாவின் கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலை தாப்பாவில் தொடங்குகிறது. அதனால், எஞ்சினின் சூட்டுத் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர்களைப் பழுது பார்க்கும் என் பட்டறைக்கு வேலை குறைந்ததே இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி, காய்கறி லாரி, தோட்டத்து டிராக்டர் என்று எத்தனையோ வண்டிகளுக்கு ஈயம் வைத்து அடைத்திருக்கிறேன். அவற்றிலெல்லாம் ரேடியேட்டரின் அளவைத் தொழிற்சாலையே முடிவு செய்திருக்கும். பழுதை நீக்குவது மட்டும்தான் என் பொறுப்பு. அளவையே நான் முடிவு செய்ய வேண்டிய நிலை ஒரே ஒரு காரில்தான் வந்தது.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவரின் கார் அது. போருக்கு முந்தைய ஆஸ்டின் செவன் அடிச்சட்டத்தின் மேல், இருவர் உட்காரும்படி அலுமினியத் தகட்டில் உடலைத் தாமே அடித்திருந்தார். உள்ளே மோரிஸ் மைனர் 1000-இன் 948 சிசி எஞ்சின். முன்னால் ஒரு சின்னஞ்சிறு பித்தளை ரேடியேட்டர். முகப்பு தாழ்வாக இருக்க வேண்டும் என்பதற்காக அதையும் வெட்டிக் குட்டையாக்கியிருந்தார்.

"இங்கிலாந்தில் இதே மாதிரி கட்டியவர்கள் இந்த அளவைத்தான் வைத்திருக்கிறார்கள், தம்பி. நீ உள்ளே புதுக் கோர் மட்டும் போட்டுக் கொடு" என்றார்.

கோர் என்பது மேல்தொட்டிக்கும் கீழ்த்தொட்டிக்கும் இடையே தண்ணீர் ஓடி ஆறும் குழாய்க் கட்டு. அவர் மனம் கோணக்கூடாது என்று ஒப்புக்கொண்டேன். முகப்பளவை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு வரிசைக் குழாய் இருந்த இடத்தில் நான்கு வரிசை வைத்துத் தடித்த கோர் செய்தேன். செம்பும் உழைப்பும் இரட்டிப்பு. பலனும் இரட்டிப்பாகும் என்று நம்பினேன். லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டிச் சில வளைவுகள்கூடப் போகவில்லை, ஆவி சீறியது. வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். மேல்தொட்டியில் 97 டிகிரி, கீழ்த்தொட்டியில் 92.

அந்த ஐந்து டிகிரி வித்தியாசத்தில்தான் விடை இருந்தது. மேலே கொதித்துக் கீழே நன்றாக ஆறியிருந்தால், தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடவில்லை என்று பொருள். பம்பையும் அடைபட்ட குழாயையும் தேட வேண்டும். இரண்டு தொட்டிகளும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் ஓட்டத்தில் குறை இல்லை, வெப்பத்தை வாங்கிப் போகக் காற்று போதவில்லை. முதல் இரண்டு வரிசைகளைக் கடக்கும்போதே காற்று சூடேறிவிடுகிறது. பின் வரிசைகளுக்குக் கிடைப்பது அந்த வெந்த காற்றுதான். தடிமன் கூடக் கூடக் காற்று நுழைவதே கடினமாகிறது. நான் பெருக்கியிருக்க வேண்டியது ரேடியேட்டர் முகப்பின் பரப்பை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆஸ்டின் செவனின் பழைய 747 சிசி எஞ்சின் தொடக்க காலத்தில் தந்தது 10.5 குதிரைத்திறன். அதற்குத் தண்ணீர் பம்பே கிடையாது. சூடான நீர் தானாக மேலேறி, ஆறிய நீர் கீழிறங்கும். மைனர் எஞ்சின் தருவது 37. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கும், ஒரு பங்கு புகையோடும், ஒரு பங்கு தண்ணீருக்கும் போகிறது. அப்படியானால் முழு விசையில் ஏறும்போது எஞ்சின் தரும் அதே 37 குதிரைத்திறன் அளவு, அதாவது சுமார் 27 கிலோவாட் வெப்பம் தண்ணீரில் இறங்குகிறது. 12 மின்கெண்டிகள் ஒன்றாகக் கொதிப்பதற்குச் சமம்!

நம் ஊர் வெயிலையும் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் தண்ணீர் 95 டிகிரி, காற்று 15 டிகிரி என்றால் இடைவெளி 80. தாப்பாவின் நண்பகலில் காற்று 33. இடைவெளி 62 ஆகச் சுருங்குகிறது. அதே ரேடியேட்டர் இங்கே ஏறக்குறைய கால் பங்கு வேலையை இழந்துவிடுகிறது. அங்கே தாராளமாக இருப்பது இங்கே பற்றாது. உயரம் ஏற ஏறக் கொதிநிலையும் இறங்குகிறது. சுமார் 1,400 மீட்டரில் உள்ள தானா ராத்தாவில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

ஆவியை உள்ளேயே அடைத்து அழுத்தத்தைக் கூட்டும் அழுத்த மூடி போட்டால் என்ன என்று கார்க்கார ஐயா கேட்டார். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கும் மூடி கொதிநிலையை 110 டிகிரி வரை உயர்த்தும், உண்மைதான். ஆனால் வெப்பம் வெளியேறப்போவதில்லை. கொதிப்பு தள்ளிப்போகும், அவ்வளவே. அவருடைய பழைய பித்தளைத் தொட்டியின் ஈயப் பற்று அந்த அழுத்தத்தைத் தாங்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை.

ஒரு மைனர் ரேடியேட்டரைக் கொண்டுவந்து முகப்பை அளந்தேன். அந்த எஞ்சினுக்கென்று தொழிற்சாலை வைத்த அளவு அது. அதற்குக் குறையக்கூடாது என்று முடிவு செய்தேன். காரின் முகப்பை மூன்று அங்குலம் உயர்த்த வேண்டியிருந்தது. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தாமே தகடும் சுத்தியலுமாக வந்து நின்றார்.

இம்முறை மூன்று வரிசை போதும் என்று நிறுத்திக்கொண்டேன். விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூடு அமைத்தேன். அது இல்லாவிட்டால் விசிறி தன் வட்டத்துக்கு நேராக உள்ள பகுதியில் மட்டும்தான் காற்றை இழுக்கும், மூலைகள் சும்மா கிடக்கும். புகுந்த காற்று வெளியேறப் பானெட்டின் இரு பக்கமும் பிளவுகள் வெட்டினோம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. வெளியேற வழியில்லாத காற்று உள்ளே நுழையவும் நுழையாது.

மறுபடியும் நண்பகலிலேயே கிளம்பினோம். வழியில் உள்ள ரிங்லெட் ஊருக்குக் கீழே ஒரு காய்கறி லாரியின் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்தபோது வெப்பமானி முள் 91-ஐத் தொட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். லாரி ஒதுங்கி வழிவிட்டதும் 86-க்கு இறங்கியது. ஐயா எதுவும் சொல்லவில்லை. ஸ்டீயரிங்கை லேசாகத் தட்டிக் கொடுத்தார். தானா ராத்தாவில் தேநீர் குடித்துவிட்டு இறங்கினோம். என் காலடியில் வைத்திருந்த இரண்டு தண்ணீர்க் கேன்களும் மூடி திறக்காமலே தாப்பாவுக்குத் திரும்பி வந்தன.